தூணைத் தட்டிப் பார்ப்பவர்கள்

மகிழ்மதிக்கு வருகிறவர்கள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்கிறார்கள். அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு பக்கத்தில் போய் ஒரு தூணை விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறார்கள். தான் வெறும் கூடு என்று தூண் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டு முகம் வாடியவர் யாரையும் நான் அங்கே பார்க்கவில்லை. முகம் மலர்கிறது. "எப்படிப் பண்ணியிருக்காங்க பாரு" என்று கூட வந்தவரிடம் சொல்கிறார்கள். பொய் என்று தெரிந்த பிறகு பிறக்கிற அந்த மகிழ்ச்சி என்னை அங்கிருந்து காஞ்சிபுரம்வரை தொடர்ந்து வந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரை அந்த மகிழ்ச்சியின் துணையோடு மறுபடியும் சுற்றி வந்தேன்.

மகிழ்மதி இருப்பது ஹைதராபாத்துக்கு வெளியே, விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையில், ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குள். 1996இல் ராமோஜி ராவ் தொடங்கிய இந்தப் படப்பிடிப்பு நகரம் 1,600 ஏக்கருக்கும் மேல் விரிந்தது. உலகின் மிகப் பெரிய திரைப்பட வளாகம் என்று கின்னஸ் பதிவு பெற்றது. எஸ்.எஸ். ராஜமௌலியின் 'பாகுபலி' 2015 ஜூலையிலும் அதன் இரண்டாம் பாகம் 2017 ஏப்ரலிலும் வெளிவந்தன. தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட படம் அது. காலகேயர் கூட்டத்துக்காக மதன் கார்க்கி கிளிக்கி என்று ஒரு மொழியையே உருவாக்கிக் கொடுத்தார். படத்தின் கற்பனை நாடான மகிழ்மதியைக் கட்டிக் கொடுத்தவர் சாபு சிரில், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். படம் முடிந்த பிறகும் அரங்கைப் பிரிக்காமல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அரண்மனை முற்றம், யானைகள், ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய சிலைகள் எல்லாம் வெயிலில் நிற்கின்றன. சிலைக்குப் பின்னால் போனால் சட்டமும் சாரமும் தெரிகின்றன.

சினிமா அரங்குகளுக்கு இப்படி ஒரு மறுவாழ்வு கிடைப்பது அபூர்வம். கடைசி ஷாட் முடிந்த மறுநாளே ஆணி பிடுங்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பலகையும் சட்டமும் அடுத்த படத்துக்குப் போகும். 'நாயகன்' படத்துக்காகத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தாராவியைக் கட்டினார். 1987ஆம் ஆண்டுக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தத் தாராவி இன்று படச்சுருளில் மட்டும் இருக்கிறது. 1948இல் 'சந்திரலேகா'வின் முரசு நடனத்துக்கு எஸ்.எஸ். வாசன் எழுப்பிய பிரம்மாண்டமும் அப்படியே. ஜெமினி ஸ்டூடியோவே இன்று இல்லை. ஒரு மேம்பாலம் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது.

கலைத்துவிட வேண்டிய அரங்கைக் காப்பாற்றி, அதைக் கட்டிய விதத்தையே காட்சியாக்கும் வழக்கத்தை உலகுக்குப் பெரிதாகக் காட்டியது லண்டனுக்கு வடமேற்கே உள்ள லீவ்ஸ்டன் ஸ்டூடியோ. ஹாரி பாட்டர் படங்கள் எட்டும் உருவான அந்த இடம் 2012இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. லண்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து வரும் உறவினரைக் கூட்டிக்கொண்டு போகும் இடங்களில் இப்போது அதுவும் ஒன்று. மாணவர்கள் கூடி உண்ணும் பெரிய மண்டபத்தின் தரை அங்கே உண்மையான கல். மந்திரக்கோல் கடையில் 17,000க்கும் மேற்பட்ட பெட்டிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பெயர்ச்சீட்டு. திரையில் அந்தச் சீட்டுகளில் ஒன்றைக்கூட யாராலும் வாசிக்க முடியாது. ஆனாலும் எழுதி ஒட்டினார்கள். பள்ளியும் கோபுரங்களுமாகத் தெரியும் அந்த மாயக் கோட்டை, 24இல் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி வடிவம் என்பதையும் மறைக்காமல் காட்டுகிறார்கள். சுற்றுலாவின் பெயரிலேயே படம் உருவான விதம் என்பது இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்க வருகிற பழகிய கைகள் சேலையை விரித்தவுடன் முந்தானையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும். முன்பக்கம் அழகைக் காட்டும். பின்பக்கம் உழைப்பைக் காட்டும். இழை எங்கே தாண்டியிருக்கிறது, சரிகை எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, கரையும் உடலும் எப்படிக் கோத்திருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். மகிழ்மதியின் தூணைத் தட்டிப் பார்ப்பதும் லீவ்ஸ்டனின் பெயர்ச்சீட்டைக் குனிந்து வாசிப்பதும் இந்தத் திருப்பிப் பார்த்தல்தான். ஒரு கதையை ஆழமாக நேசிக்கிறவனுக்கு அதை நெய்த கையைப் பார்க்கும் ஆசையும் வந்துவிடுகிறது. இந்த ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. கலை ரசனையின் முதிர்ந்த நிலை இது என்பது என் எண்ணம்.

*

அரங்கம் போலி, கோயில் நிஜம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பல்லவர்களின் ஊரில் பிறந்தவனுக்கு அவ்வளவு சுலபமாக அது வாயில் வராது.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மண்டகப்பட்டு என்ற சிற்றூர். அங்கே பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்த மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமையோடு சொல்கிறான். விசித்திரசித்தன் என்று தன்னை அழைத்துக்கொண்டவன் அவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தப் பெருமை ஒரு செய்தியையும் உள்ளே வைத்திருக்கிறது: அதற்குமுன் நம் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆனவை. மழையில் கரைந்தன, கரையான் அரித்தது, தீயில் எரிந்தன. சினிமா அரங்குக்குப் பயன்படும் பொருட்களுக்கும் அன்றைய கோயிலின் பொருட்களுக்கும் அதிக தூரமில்லை.

அவன் மகன் மாமல்லன் பெயரைத் தாங்கிய மாமல்லபுரத்துக்குப் போனால் வியப்பு இன்னும் கூடுகிறது. ஐந்து ரதங்கள் என்று நாம் சொல்கிறவை மரக் கட்டடங்களைப் பார்த்துக் கல்லில் செதுக்கியவை. உத்தரம், சட்டம், வளைகூரை எல்லாம் தச்சன் இழைத்ததுபோலவே இருக்கின்றன. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம். கல்லுக்கு அந்தச் சட்டங்கள் எதுவும் தேவையில்லை. மரத்துக்கு இருந்த தேவையைக் கல் நினைவில் வைத்திருக்கிறது. மகிழ்மதியில் பிளாஸ்டரும் பலகையும் கல்லாக நடிக்கின்றன. மாமல்லபுரத்தில் கல் மரமாக நடிக்கிறது. ஒரு பொருளை இன்னொன்றாக நம்பவைக்கும் வித்தை இந்த மண்ணில் குறைந்தது 1,300 வயதுள்ளது. சாபு சிரிலும் தோட்டா தரணியும் அந்த வரிசையில் வருகிறவர்கள். மகேந்திரனே காஞ்சித் தெருக்களைக் களமாக வைத்து 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். கல்லில் கோயில் எடுத்த அரசனுக்கு அரங்கமும் வேண்டியிருந்தது.

மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான் என்று சில பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. மாமல்லபுரத்தில் உளி பிடித்தவர்களின் பெயர்கள் இவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசன் பெயரும் அவன் விருதுப் பெயர்களும் கோயில்கள் முழுக்க நிறைந்திருக்க, வேலை செய்தவர்களின் பெயர் ஊருக்கு வெளியே ஒரு பாறையில் நிற்கிறது. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் இருக்கையை விட்டு எழாமல் மேலே ஓடும் பெயர்களை வாசிக்கிறவர்களுக்கு இந்தப் பாறையின் மதிப்பு புரியும்.

*

அந்தப் பெயர்களுக்கு முகம் கொடுத்தவர் கல்கி. 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. மாமல்லனும் புலிகேசியும் பரஞ்சோதியும் வரலாற்றில் இருந்தவர்கள். ஆயனரும் சிவகாமியும் கல்கியின் படைப்பு. அரசர்களின் கதையைச் சொல்ல வந்தவர் ஒரு சிற்பியையும் அவர் மகளையும் நடுவில் வைத்தார். காஞ்சிக்கு அருகே காட்டுக்குள் ஒரு சிற்பக்கூடம், அங்கே பாதி செதுக்கிய நாட்டியச் சிலைகள், அஜந்தாவின் அழியாத வண்ணத்தின் ரகசியத்தை அறிய வேண்டும் என்று உறங்காமல் தவிக்கிற ஒரு கிழவர். தொடரை வாரா வாரம் காத்திருந்து வாசித்த தலைமுறை எங்கள் ஊருக்கு வரும்போது அந்த வீட்டைத்தான் தேடியது. ஏகாம்பரநாதர் கோயிலுக்குள் நுழைந்ததும், கதையின் முடிவில் சிவகாமி ஆடிய இடம் எது என்று கேட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்று நாம் நுழைகிற தெற்கு ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் 1509இல் கட்டியது. மாமல்லனுக்கு எட்டரை நூற்றாண்டு பிந்தியது. அந்தப் பெரியவர்களுக்கு அது பொருட்டாகத் தோன்றவில்லை. சிவகாமிக்காக அவர்கள் கண்ணில் நீர் நின்றது உண்மை.

'பொன்னியின் செல்வ'னிலும் காஞ்சி உண்டு. வந்தியத்தேவன் ஓலையோடு கிளம்பியது இங்கிருந்துதான். ஆதித்த கரிகாலன் தந்தைக்காகப் பொன் மாளிகை கட்டியதும் இங்கேதான். அந்த மாளிகை கல்கியின் கற்பனை இல்லை. சுந்தர சோழன் பொன் மாளிகையில் மறைந்தவன் என்பதைக் கல்வெட்டுகள் அவன் பெயரோடு சேர்த்தே குறிக்கின்றன. அந்த மாளிகை எந்தத் தெருவில் நின்றது என்று காட்ட இன்று ஒரு செங்கல்கூட நம்மிடம் இல்லை. உண்மையில் இருந்த மாளிகை போய்விட்டது. ஒருபோதும் இல்லாத மகிழ்மதி அரண்மனைக்கு நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். இதில் வருந்த இடமிருக்கிறது, கற்றுக்கொள்ளவும் இடமிருக்கிறது. எதைப் பற்றி ஜனங்கள் கதை பேசுகிறார்களோ அது நிற்கிறது.

மணி ரத்னம் 'பொன்னியின் செல்வ'னை 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாகத் தந்தபோது சோழநாட்டை எழுப்பியவர் தோட்டா தரணி. ஓவியர் மணியம் இதழில் வரைந்த முகங்களோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த வாசகர்களின் கண்ணுக்கு முன்னால் ஒரு புதிய தஞ்சையை நிறுத்த வேண்டிய கஷ்டமான வேலை அது. ராமோஜி ஃபிலிம் சிட்டியில் அரங்குகள் அமைத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஓர்ச்சாவிலும் நர்மதைக் கரையில் மகேஷ்வரிலும் படமெடுத்தார்கள். மகேஷ்வர் என்ற ஊர் இந்தக் கதைக்குள் வந்தது தற்செயல். கார்த்தவீரியார்ச்சுனன் ஆண்டதாகப் புராணம் சொல்லும் மாகிஷ்மதி இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். பாகுபலியின் நாட்டுக்குப் பெயர் கொடுத்த ஊரே வந்தியத்தேவனுக்குக் களமாகவும் ஆகிவிட்டது. அது ஒரு தறி ஊர். ராணி அகல்யாபாய் ஹோல்கர் நெசவாளர்களைக் குடியேற்றி வளர்த்த மகேஷ்வரிச் சேலைகளுக்குப் புகழ்பெற்றது. கோட்டைச் சுவரின் பூவேலை அங்கே சேலைக் கரையில் இறங்கியிருப்பதை ஊருக்கு வருகிறவர்களிடம் ஆர்வத்தோடு காட்டுகிறார்கள். எங்கள் கோயில் கோபுரம் பட்டுக்கரையில் இறங்கியிருப்பதுபோல.

*

காஞ்சியில் ஒரு மாயக்கதையை நடந்தே பார்க்க முடியும் என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் நம்புவதில்லை. ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சந்நிதிகள். இருந்தும் கிடந்தும் நின்றும் பெருமாள். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுத்த இந்தக் கோயிலின் விமானத்தைச் சுற்றி ஒரு திருச்சுற்று மாளிகை. சிங்கத் தூண்கள் தாங்கும் அந்தத் தாழ்வாரத்தின் சுவர் முழுக்க, இரண்டு வரிசையாக, பல்லவர் குலத்தின் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. பிரம்மனில் தொடங்கி, முனிவர்கள் வழியாக, அசுவத்தாமன் வழியாக, பட்டாபிஷேகங்களும் போர்களும் தூதர்களும் யானைகளும் குதிரைகளுமாக அது நகர்கிறது. சில சிற்பங்களுக்குக் கீழே என்ன காட்சி என்று தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். தொடர்கதையைச் சுவரில் வைத்து, வாசகனைக் காலால் வாசிக்கச் செய்த ஏற்பாடு.

அந்தக் கதையின் உச்சத்தில் ஒரு சிறுவன் வருகிறான். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். நாடு அரசனில்லாமல் நிற்கிறது. ஊர்ப் பெரியவர்களும் கடிகை என்ற கல்விச்சாலையாரும் கூடிப் பேசி, பல்லவர் குலத்தின் இன்னொரு கிளையில் வந்த இரணியவர்மனைத் தேடிப் பயணம் போகிறார்கள். அவன் தன் பிள்ளைகளை அழைத்து, யார் போகிறீர்கள் என்று கேட்கிறான். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் மறுக்கிறார்கள். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன் எழுந்து வணங்கி, நான் போகிறேன் என்கிறான். அவனுக்கு வயது 12. தந்தைக்கு மகிழ்ச்சியும் துயரமும் ஒருசேர வருகின்றன. இவ்வளவு சிறியவனை எப்படி அனுப்புவது என்று தயங்குகிறான். ஒரு பெரியவர் சமாதானம் சொல்லித் தேற்றுகிறார். சிறுவன் மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வருகிறான். படையோடு எதிர்கொண்டு யானையில் ஏற்றி நகருக்குள் அழைத்துச் செல்கிறார்கள். நந்திவர்மன் என்று முடிசூட்டுகிறார்கள். அவன் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டான். தான் சிறுவனாக வந்த கதையைத் தானே கட்டிய கோயிலின் சுவரில் எழுதவைத்தான்.

அனாதையாக வளர்ந்த ஒரு பையனுக்குக் கடிதம் வந்து மாயப் பள்ளிக்குப் போனதையும், மலையருவிக்குக் கீழே வளர்ந்த ஒருவன் தன் நாட்டைத் தேடி ஏறியதையும் உலகம் கொண்டாடுகிறது. நியாயமான கொண்டாட்டம். 12 வயதில், அதே துணிச்சலோடு வந்த ஒரு பையனின் உண்மைக் கதை எங்கள் ஊரில் சுவராக நிற்கிறது. காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என்று வரிசையாகத் தரிசித்துவிட்டுப் பட்டுக்கடைக்குத் திரும்பும் வேன்களில் பெரும்பாலானவை அந்தத் தெருவுக்கு வருவதில்லை. வருகிறவர்களும் மூலவரைச் சேவித்துவிட்டுத் திரும்புகிறார்கள். சுற்றின் கருக்கலில் சிற்பங்கள் மங்கலாகத் தெரியும். மணற்கல் உதிர்ந்திருக்கிறது. இதுதான் அந்தப் பையன் என்று விரல் நீட்டிக் காட்ட ஆள் வேண்டும்.

ஒரு காலத்தில் ஒருவர் இருந்தார். சி. மீனாட்சி, 1905இல் பிறந்தவர். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் பெண். பல்லவர் காலத்து ஆட்சியையும் சமூக வாழ்க்கையையும் பற்றிய அவர் நூல் 1938இல் வெளிவந்தது. வைகுண்டப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்து, எது எந்தக் காட்சி என்று வரிசைப்படுத்தி எழுதினார். 1940இல், 34 வயதில், இறந்துபோனார். அந்த ஆய்வைத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டபோது அவர் இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டு இருட்டிலிருந்த ஒரு கதையை நமக்கு மீண்டும் வாசிக்கத் தந்தவர். காஞ்சிக்கு வருகிற எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கோயில் வாசலில் ஒரு கல் நட்டு அவர் பெயரை எழுத வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

இன்னொரு பார்வையாளரும் எங்கள் ஊருக்கு உண்டு. மாமல்லன் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகரான வாதாபியை எரித்தது 642இல். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அந்தப் பழியைத் தீர்க்கும் வாய்ப்போடு சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பல்லவ அரசன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குள் நுழைந்து பார்த்தான். அதன் செல்வத்தை அள்ளிக்கொண்டு போகாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயில் தூணில் இன்றும் இருக்கிறது. அவன் அரசி லோகமகாதேவி, காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் விரூபாட்சர் கோயிலைக் கட்டினாள். கைலாசநாதரின் சாயலை அதில் பார்க்கிறவர்கள் பலர். அங்கே கட்டடக் கலைஞன் குண்டனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. பகைவனாக வந்தவன் ரசிகனாகத் திரும்பியிருக்கிறான். அழகின் முன்னால் நின்று அதை உண்டாக்கிய கைகளை மதித்ததால் ஒரு நகரம் தப்பியது. ரசிகன் என்ற நிலைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அதே கைலாசநாதரில், திருச்சுற்றில் வரிசையாக அமைந்த சிறு கோயில்களின் உட்சுவரில், 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் பல்லவர் காலத்து ஓவியங்களைக் கண்டுபிடித்தார். பூசி மறைத்த சுண்ணாம்புக்கு அடியிலிருந்து சிவப்பும் மஞ்சளும் எட்டிப் பார்த்தன. ஒரு முகத்தின் பாதி, ஒரு தோள், ஒரு கிரீடத்தின் விளிம்பு. கல்கியின் ஆயனர் தேடிய அழியாத வண்ணம் அவர் ஊரிலேயே சுண்ணாம்புக்குள் மிச்சமிருந்தது.

*

கைலாசநாதர் கோயிலிலிருந்து வெளியே வந்தால் பிள்ளையார்பாளையம். ராமோஜி ஃபிலிம் சிட்டியில் கண்ட எதையும்விட எனக்கு வியப்பான இடம். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். வீட்டுக்குள் குழித்தறி, நெசவாளி தரைமட்டத்தில் அமர்ந்து குழிக்குள் மிதியை மிதிக்கிறார். காலையில் தெருநெடுகப் பாவை நீட்டி இழை இழையாகச் சரிபார்க்கிறார்கள். கோர்வைச் சேலை என்றால் மூன்று நாடா ஓட வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு. தறியின் மறுபக்கம் துணைக்கு ஒருவர் உட்கார்ந்து நாடாவை வாங்கித் திருப்ப வேண்டும். ஊடையின் ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் நிறமும் கரை நிறமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பினால்தான் கரை தனியாகக் கிழிவதில்லை. முந்தானைக்கு வேறு நிறப் பாவைச் சேர்க்கும் இடத்துக்குப் பெட்னி என்று பெயர். எளிய வேலை என்றால் ஒரு சேலைக்குப் பத்து நாள். நிறைய வேலைப்பாடு இருந்தால் ஒரு மாதமும் தாண்டும். மயில்கண், ருத்திராட்சம், யாளி, அன்னம், கோபுரம் என்று கோயில் சுவரில் இருப்பவை எல்லாம் இந்தக் குழிக்கு முன்னால் இழையாக மறுபடி பிறக்கின்றன.

இது அரங்கம் இல்லை. படப்பிடிப்பு முடிந்து கலைந்துபோனதும் இல்லை. ஒரு பெரிய கதையின் உருவாக்கம் நம் கண்முன்னால் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் சேலை கடைக்குப் போகும்போது அதன் உறையில் கடையின் பெயர் இருக்கும். பெரும்பாலும் நெய்தவர் பெயர் இருக்காது. பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படத்தில், மகளுக்குப் பட்டுடுத்திக் கல்யாணம் செய்து அனுப்புவேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, முதலாளியின் பட்டிழையை வாய்க்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து ரகசியமாக நெய்கிறான். சிறந்த படத்துக்கும் பிரகாஷ்ராஜின் நடிப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. அந்தப் படத்துக்காக அழுத நாம், அடுத்த முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்கும்போது நெய்தவர் யார் என்று கேட்கவில்லை. லீவ்ஸ்டனில் யாரும் வாசிக்காத பெட்டிக்குப் பெயர்ச்சீட்டு எழுதியவரின் வேலையை நின்று வாசிக்கிறோம். ஒரு மாதம் குனிந்து நெய்தவருக்கு நம்மிடம் ஒரு சீட்டு இல்லை.

கற்பனை நாடுகளுக்குச் சுற்றுலா போகிற கூட்டத்தின்மீது எனக்கு மிகுந்த மரியாதை வந்திருக்கிறது. கதையை நம்பி, அந்த நம்பிக்கைக்காகப் பயணம் செய்து, தூணைத் தட்டி, அதைச் செய்தவனை வியக்கிறவர்கள் அவர்கள். காஞ்சியில் கல்லுக்குக் குறைவில்லை, கதைக்கும் குறைவில்லை, கைக்கும் குறைவில்லை. மூன்றையும் சேர்த்துச் சொல்கிற நாவுக்குத்தான் குறை. கல்கி அதைத் தாளில் செய்தார்; மீனாட்சி ஆய்வில் செய்தார். ஊர் அதைத் தெருவில் செய்யவில்லை. வைகுண்டப் பெருமாள் சுற்றில் கதையை வரிசையாகச் சொல்லும் நல்ல விளக்கப் பலகைகளும் பயிற்சி பெற்ற இளைஞர்களும் வேண்டும். கைலாசநாதரிலிருந்து பிள்ளையார்பாளையம்வரை நடந்து, கல்லில் கண்ட யாளியைத் தறியில் மறுபடி காணும் ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையில் நெசவாளியின் நேரத்துக்கு உரிய கூலியும் வேண்டும். பெரிய பணம் தேவைப்படும் காரியங்கள் இல்லை இவை. ஊரார், பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள் மனம் வைத்தால் போதும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை மகிழ்மதியைப் பார்த்துவிட்டு வந்து கண்கள் விரியப் பேசினால், குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு ஒரு காலையில் காஞ்சிபுரத்துக்குக் கூட்டி வாருங்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்றில் 12 வயதுப் பல்லவமல்லனைக் காட்டுங்கள். அப்படியே பிள்ளையார்பாளையத்துக்கு நடந்து, ஒரு தறியின் முன்னால் உட்கார வையுங்கள். சேலை எடுத்தால், நெய்தவரின் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். உங்கள் பேத்தி அந்தச் சேலையை உடுத்தும் நாளில் அந்தப் பெயரும் அவளுக்குப் போய்ச் சேரட்டும்.